பங்குனியில் பார்க்கச் சொன்னவர்

தேவசகாயம் இறந்த செய்தியை எனக்குப் போனில் சொன்னது அவருடைய அக்கா. திருப்பதிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். "தம்பி பூட்டான்பா. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தானாம், அவ்ளோதான்" என்றார். வருடக்கணக்காகத் தம்பியோடு பேசாத அக்கா.

காற்றாலைக்கு இடம் பார்க்கும் வேலையில் அவரும் நானும் ஒன்றாகச் சுற்றினோம். அவரோடு மலை ஏறியவர்களுக்குத் தெரியும்: யார் எந்த மலையைப் புகழ்ந்தாலும், "ஆடில எந்த மேட்லதான் காத்து இல்ல? பங்குனில வந்து பாக்கலாம்" என்பார்.

அந்தப் பேச்சு அவரைச் சொந்த ஊரிலேயே மாட்டிவிட்டது. சத்தியவேட்டுக்கு மேற்கே மலையடியில் இருக்கும் ஊர் அது. சாலை கிடையாது; உடம்பு முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கிப்போக வேண்டும். காற்றாலை வந்தால் அதன் நீளமான இறக்கைகளை ஏற்றிவர நல்ல சாலை போட்டே ஆக வேண்டும் அல்லவா? ஊருக்கு வேண்டியது அந்தச் சாலைதான். ஊர்க்காரர்கள் எங்கள் கம்பெனிக்காரர்களை ஆடி மாதமாகப் பார்த்து மலைக்கு அழைத்துப்போனார்கள். பெரிய அதிகாரியின் தொப்பி பறந்து பள்ளத்தில் விழுந்தது. ஊரே கைதட்டியது, அக்காவும்தான்.

தேவசகாயம் காற்று அளக்கும் கம்பத்தை வருடம் முழுவதும் நிறுத்திவைத்தார். ஆடி போனதும் காற்று படுத்துவிட்டது. இடம் உதவாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

அக்கா எங்களை வாசலிலேயே நிறுத்தினார்.

"ஒரு கையெழுத்துல இன்னாடா கொறஞ்சி பூடும் உனக்கு?"

"சுத்தாத காத்தாடிய வச்சிக்கினு இன்னா பண்ணுவக்கா?"

"அது நின்னா நின்னுட்டுப் போவுது. ரோடு இருக்குமில்ல?"

பிறகு தேவசகாயம் அந்தச் சாலைக்காக மண்டல அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். ஒன்றும் நடக்கவில்லை. அக்காவிடம் அதைச் சொல்லவுமில்லை.

அவர் உடலை ஊருக்குக் கொண்டுவந்த வண்டி பெரிய சாலையிலேயே நின்றுவிட்டது. மிச்ச தூரம் பெட்டியைத் தோளில் சுமந்து நடந்தோம். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அடக்கம் முடிந்ததும் அக்கா மெழுகுவத்தி ஏற்றி, அணையாமல் இருக்கக் கையால் மறைத்தார். கொஞ்ச நேரத்தில் கையை எடுத்துவிட்டார். சுடர் அசையவில்லை. அது பங்குனி மாதம்.

"காத்து இல்லதான்டா" என்று மண்ணைப் பார்த்துச் சொன்னார்.

இனி நான் பார்க்கும் எந்த மலைக்கும் பங்குனியில் ஒருமுறை போவேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பிடிவாதம்தான். ஆனாலும், அந்த ஒரு மலையில் கொஞ்சம் காற்று இருந்திருக்கலாம்.