வசனம் பிறகு வந்தது

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் என்றால் ஞானோபதேசம்தான். ஸ்காட்லாந்து மிஷனரிகள் கொண்டுவந்த பிரெஸ்பிட்டேரியன் சபையின் கேள்வி பதில். பதிலை மட்டும் ஒப்பித்தால் அப்பா விடமாட்டார். "வசனம் எங்கேம்மா?" என்பார். ஒவ்வொரு பதிலும் வேத வசனத்திலிருந்து பிறந்தது, ஆதாரம் இல்லாமல் நம்மிடம் ஒரு வார்த்தைகூடக் கிடையாது என்பார். நானும் நம்பித் தொலைத்தேன்.

வேலைக்குப் போன பிறகு, ஆபீசில் கூட இருந்தவரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். இந்துக் குடும்பம். கோவளத்தில் அவருடைய அம்மா மீன் விற்றார். வீட்டில் சொன்னேன். அப்பா கத்தவில்லை. சில நாள் பேசாமல் இருந்துவிட்டு, ஒரு சாயங்காலம் வேதத்தைத் திறந்து, விசுவாசம் இல்லாதவர்களோடு சேரக்கூடாது என்ற வசனத்தை வாசித்தார். அவ்வளவுதான். தாம்பரம் ஸ்டேஷனில் நான் ஆசைப்பட்டவரிடம் முடியாது என்று சொல்லி அனுப்பிவைத்தேன். அப்புறம் யாரையும் கட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

போன மாதம் சபையில் பெரியவர்களுக்கு ஒரு வகுப்பு நடந்தது. இறையியல் கற்பிக்கும் அம்மா ஒருவர் வந்து, அந்த ஞானோபதேசம் உருவான கதையைச் சொன்னார். இங்கிலாந்தில் ராஜாவும் பார்லிமென்டும் அடித்துக்கொண்ட காலம். பார்லிமென்ட் போதகர்களைக் கூட்டி உட்கார வைத்ததாம். ஸ்காட்லாந்திலிருந்தும் சிலர் வந்தார்களாம். வாதாடி, திருத்தி, கேள்வி பதிலை எழுதி முடித்தார்கள். ஆதாரம் எங்கே என்று பார்லிமென்ட் கேட்ட பிறகுதான் வசனங்களைச் சேர்த்தார்களாம்.

"அதுக்காக வேதத்தை மறந்துட்டு எழுதினாங்கன்னு அர்த்தம் இல்ல" என்றும் அவர் சொன்னார். அதெல்லாம் என் காதில் ஏறவே இல்லை. அப்பா பேசாமல் இருந்த அந்த நாட்கள்தான் மனசுக்குள் ஓடின. நேரே வீட்டுக்கு வந்தேன்.

"பதில் முதல்ல, வசனம் அப்புறமாமே. உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்மா. நான் ஞானோபதேசம் படிச்சப்பவே சொன்னாங்க."

"அப்போ எனக்கு வாசிச்ச வசனம்?"

டிவி சத்தத்தைக் குறைத்தார். "வேணாம்னு முதல்லயே முடிவு பண்ணிட்டேன். மீன் விக்கிற வீட்டுல சம்பந்தம்னு சொந்தக்காரங்க சிரிப்பாங்களேன்னு இருந்துச்சு. வசனத்தை அப்புறம்தான் தேடினேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதைச் சொல்லித் தொலைச்சிருக்கலாமேப்பா! உங்ககூட சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன். கடவுளோட எப்படிச் சண்டை போடுவேன்?"

"அது தெரிஞ்சுதாம்மா வாசிச்சேன்" என்றார்.