ஐந்தாவது கோடு

இபுகி அந்தப் படிகளில் முதன்முதலில் இறங்கியது பாட்டு கேட்க அல்ல, மழைக்கு ஒதுங்க. கோயன்ஜி ரயில் நிலையத்துக்குத் தெற்கே, பழைய துணிக்கடைகளின் வரிசையில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் இருந்தது அந்தக் கச்சேரிக்கூடம். வேலை தேடுகிற பெண்கள் எல்லோரும் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டு உடம்பில், கறுப்புப் பை கையில். இரண்டும் அக்கா ஷினோபு வாங்கித் தந்தவை. அன்று காலை நேர்முகத் தேர்வில் ஒப்பித்த பதில்களும் அக்கா எழுதிக் கொடுத்தவைதான். பதினேழாவது தேர்வு அது.

வாசல் மேசையில், நுழைவுக் கட்டணம் வாங்கும் நெசு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, தலையில் மீன்பிடிக்கிறவர்களின் தொப்பி.

"இன்னிக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?"

இந்த மாதிரிக் கூடங்களில் அது வழக்கம். நான்கு குழுக்கள் வாசிக்கிற நாளில், யாருக்காக வந்தோம் என்று வாசலிலேயே சொல்ல வேண்டும். மேசைப் பலகையில் அந்தக் குழுவின் பெயருக்கு நேரே ஒரு கோடு விழும். ஐந்து கோடு சேர்ந்தால் ‘சரி’ என்று பொருள்படும் எழுத்து முழுமையாகும். எங்கள் நாட்டில் எதை எண்ணினாலும் அந்த எழுத்தைக் கொண்டுதான் எண்ணுவோம்.

இபுகி திருதிருவென்று விழித்தாள். யாரைப் பார்க்க வந்தாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை, அக்காவும் இதற்குப் பதில் எழுதித் தரவில்லை. பலகையில் முதலில் இருந்த இரண்டெழுத்துப் பெயரைப் படித்தாள்.

"நின்கி."

நெசு சிரித்துவிட்டார். அதே இரண்டு சித்திர எழுத்துதான். ஒருவிதமாகப் படித்தால் ‘நின்கி’, அதாவது பேரும் புகழும். இன்னொரு விதமாகப் படித்தால் ‘ஹிதோகே’, ஆள் நடமாட்டம்.

"‘ஹிதோகே’ன்னு படிக்கணும்மா. இன்னிக்கு ரெண்டுமே கிடையாது, உள்ள போய்ப் பாருங்க."

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். மேடையில் ஹிதோகே, மொத்தமே இரண்டு பேர். பின்னால் ஒருவன் டிரம்ஸ் அடிக்க, உட்சுமி என்ற ஒல்லி இளைஞன் கிட்டாரோடு நின்று, சலவைக்கடையில் யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைக் காலுறையைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான். சுருதி அங்கங்கே விலகியது. பாட்டு அழகாக இல்லை, அழகாக இருக்க அது முயலவும் இல்லை. ஒருத்தன் தன் மனசுக்காகவே பாடுகிறான் என்று இபுகிக்குத் தோன்றியது. ஒரு வார்த்தையையாவது நானாகச் சொல்லியிருக்கிறேனா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் கறுப்புக் கோட்டைப் பழைய துணிக்கடையில் விற்றாள். கோட்டை வாங்கிக்கொண்ட கடையே அவளையும் வேலைக்கு எடுத்துக்கொண்டது.

கோயன்ஜிப் பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். யாரைப் போலவும் இருக்கக்கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வருவார்கள். மூன்றே மாதத்தில் எல்லோரும் அதே வட்டக் கண்ணாடியும் அதே தொளதொள கால்சட்டையுமாகத் திரிவார்கள். இபுகி மட்டும் என்ன ஒசத்தி? அவளும் ஒரு தபால்காரரின் வெளுத்த சட்டையை மாட்டிக்கொண்டு அலைந்தாள். ஆனால் நெசுவின் கேள்விக்கு வாராவாரம் அதே பதிலைச் சொன்னாள். அந்த ஒரு விஷயத்தில் அவள் யாரையும் பார்த்துக் காப்பியடிக்கவில்லை.

வசந்த காலத்தில் உட்சுமியின் டிரம்ஸ்காரன் அப்பாவின் பல் மருத்துவமனையைப் பார்த்துக்கொள்ள ஊருக்குப் போய்விட்டான்.

"உனக்கு டிரம்ஸ் அடிக்கத் தெரியுமா?" என்று உட்சுமி இபுகியைக் கேட்டான்.

"தெரியாது."

"நல்லது. தெரிஞ்சவன்தான் விட்டுட்டு ஓடிட்டான்."

பகலில் துணி மடித்தாள், மாலையில் கை காய்க்கும்வரை பழகினாள். இலையுதிர்காலத்தில் மேடை ஏறினாள். முதல் கச்சேரிக்கு இரண்டு கோடு, இரண்டாவதற்கு மூன்று. மூன்றாவதிலும் ஐந்து சேராவிட்டால் இனி மேடை கிடையாது என்றது கூடம்.

ஷினோபுவுக்கு இது தெரிந்ததும் அவள் பேரத்தில் இறங்கினாள்.

"நின்கியாம் நின்கி. பேர்ல மட்டும் இருந்தா போதுமாடி?"

"ஹிதோகே, அக்கா."

"ஏதோ ஒண்ணு. அஞ்சு பேர் வந்தா நான் வாயே திறக்க மாட்டேன். வரலேன்னா ஏப்ரல்ல எங்க ஆபீஸ்ல சேர்ற. சரியா?"

"சரி. நீயும் வந்து பாரு."

சொல்லிவிட்டாளே தவிர, தோற்றால் எல்லாம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். மறுபடி கறுப்புக் கோட்டு, மறுபடி அக்கா எழுதித் தரும் பதில். ஆனாலும் அவள் பயப்படவில்லை. எட்டு மாதம் பழகிய கை அவளுடையது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கச்சேரி. துணிக்கடை வாடிக்கையாளர்கள் இரண்டு பேர், உட்சுமி வேலை பார்க்கும் டோஃபு பட்டறையிலிருந்து ஒருவர், அறிமுகமே இல்லாத ஒரு மாணவி. நான்கு கோடு. கீழ்க்கோடு மட்டும் பாக்கி, எழுத்து தரையில்லாமல் நின்றது. அப்போது ஷினோபு படியிறங்கி வந்தாள்.

"இன்னிக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?"

ஷினோபு பலகையைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற தங்கையைப் பார்த்தாள்.

"அந்தக் கடைசிப் பேர்." பிறகு இபுகியிடம், "கூடப்பிறந்தவளை வச்சுக் கணக்கு ஏத்தறது நியாயமில்லடி" என்றாள்.

இபுகிக்குச் சுருக்கென்றது. ஆனால் கெஞ்சவில்லை. அக்கா யாருக்கும் சலுகை தர மாட்டாள் என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்ததுதான்.

ஹிதோகே மூன்றாவதாக வாசித்தது. இபுகி உட்கார்ந்தாள். குச்சிகளைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டி, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று கத்தினாள். அந்தக் கத்தலுக்காக உட்சுமி காத்திருந்தான், கூடமே காத்திருந்தது. அவள் சொன்ன பிறகுதான் பாட்டு தொடங்கியது. ஆறு பாட்டுக்கும் அப்படியே. ஒருமுறைகூட அவள் அக்கா நின்ற பக்கம் பார்க்கவில்லை.

முடிந்து இபுகி வெளியே வந்தபோது ஷினோபு நெசுவின் மேசை முன் நின்றாள்.

"நான் சொன்ன பேரை மாத்தணும்."

"போட்ட கோட்டை இங்க அழிக்கிறதில்லைங்க."

ஷினோபு படியேறிப் போய்விட்டாள். போகட்டும், இன்னும் ஒரு குழு பாக்கியிருக்கிறது, யாராவது வரலாம் என்று இபுகி சுவரில் சாய்ந்து நின்றாள். குதிகால் உயர்ந்த செருப்பின் சத்தம் மறுபடி கீழே இறங்கி வந்தது. ஷினோபு மேசையில் நுழைவுக் கட்டணத்தை இரண்டாம் முறையாக வைத்தாள்.

நெசு அவளை அன்றுதான் பார்ப்பவர்போல நிமிர்ந்தார்.

"இன்னிக்கு யாரைப் பார்க்க வந்தீங்க?"

"ஹிதோகே" என்றாள் ஷினோபு, திருத்தமாக.

"அவங்க வாசிச்சு முடிச்சிட்டாங்களே."

"தெரியும். முதல்ல தங்கச்சிக்காக வந்தேன், அதான் அந்தப் பேரைச் சொல்லல. இப்ப அவங்க பாட்டுக்காக வந்திருக்கேன்."

நெசு பேனாவை எடுத்துக் கீழ்க்கோட்டைப் போட்டார்.