எலும்பு தெரியாத ஐந்து படங்கள்

என் மனைவியின் வலது முழங்காலைத் திறந்து உள்ளே உலோகக் கீல் வைத்தது எழுபதுகளின் நடுவில். திருவள்ளூர் வட்டாரத்தில் அதற்கு முன்னால் வேறு யாருக்கும் அப்படிச் செய்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதை இப்போதும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வேன். ஆனால் மேற்கொண்டு சொல்லப்போனால் எரிச்சல்தான் வருகிறது. யார் மேல் எரிச்சல் என்பதுதான் இத்தனை வருஷமாகியும் தீராத வழக்கு.

நான் நாலாவதோடு நின்றவன். மெட்ராஸில் ஒரு பட்டறையில் இரும்புச் சுருள் பெருக்குவதில் ஆரம்பித்து, அறுபதுகளின் தொடக்கத்தில் திருவள்ளூரில் பழைய லேத்து ஒன்றைச் சொந்தமாக நிறுத்தினேன். பம்ப்செட் ஷாஃப்ட், லாரிக்கு வேண்டிய பின்னு, புஷ் எல்லாம் கடைந்து கொடுப்பேன். ஊத்துக்கோட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டிலிருந்தும் என்னைத் தேடி வருவார்கள். படித்த என்ஜினியர் கருவி வைத்து அளக்கிற தேய்மானத்தை நான் கட்டைவிரல் நகத்தால் தடவிச் சொல்லிவிடுவேன். தப்பியதில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வர ஆரம்பித்ததும் அங்கேயும் ஒரு ஷெட் போட்டேன். எவன் தயவும் கிடையாது.

இப்படி இருக்கையில் என் வீட்டுக்காரிக்கு முடக்குவாதம் வந்து முழங்கால் பூட்டிக்கொண்டது. உட்கார்ந்தால் எழ முடியாது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரியில், வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்த எலும்பு டாக்டர் ஒருவர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கீலை எடுத்து என் கையில் கொடுத்தார். மேலே ஒரு தண்டு, கீழே ஒரு தண்டு, நடுவில் இரண்டையும் கோக்கிற பின். தண்டு இரண்டும் மேல்கால் எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் செருகி நிற்குமாம். சுற்றிலும் ஒரு வகை சிமெண்ட் வைப்பார்களாம். நான் அதை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வேலை சுத்தம்.

"இந்தப் பின்னு எத்தனை வருஷம் தாங்கும் சார்?" என்று கேட்டேன்.

"பின்னு தாங்கும். அதைப் பிடிச்சிட்டிருக்கிற எலும்புதான் நமக்குக் கவலை. சில பேருக்கு எலும்பு கரையும். சிமெண்ட்டுக்கும் எலும்புக்கும் நடுவுல மெல்லிசா ஒரு கறுப்புக் கோடு விழும். அது அப்படியே நின்னா பயமில்லை. அகலமாகிட்டே போனா கீல் இளகுதுன்னு அர்த்தம். அதனால ஆறு மாசத்துக்கு ஒரு எக்ஸ்ரே. எல்லாத்தையும் வரிசையா வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

தலையாட்டினேன். காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை. என் கண் அந்தப் பின்னிலேயே இருந்தது. என் அனுபவத்தில் கீல் என்றால் போவது பின்தான். கதவு தொங்கினால் யாராவது சுவரைப் போய்ப் பார்ப்பார்களா?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆஸ்பத்திரியிலேயே முதல் படம் எடுத்து அவர்கள் ஃபைலில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் அவள் தெருக்கோடிக் கடைக்கு நடந்து போய் வந்தாள். "இன்னாய்யா, கிறீச்சுன்னு சத்தம் வந்தா எண்ணெ வுடுவியா?" என்று என்னையே கேலி செய்தாள்.

ஆறு மாதம் கழிந்தது. திருவள்ளூரிலேயே ஒரு எக்ஸ்ரேக்காரர் இருந்தார், ஆந்திரா எல்லைப் பக்கத்து ஆள். அவர் மிஷினின் கை இறங்காமல் மக்கர் பண்ணியபோது, பம்பாயிலிருந்து சாமான் வரக் காத்திருக்காமல் நானே ஒரு ஸ்குரூ கடைந்து போட்டிருந்தேன். அதனால் அங்கே என் சொல்லுக்கு மறு சொல் இல்லை. அவர் முதலில் எடுத்த படத்தில் கீலின் ஓரம் மங்கலாக இருந்தது. பின்னு இருக்கும் இடமும் எலும்பும் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன.

"இன்னா படம் இது? கரண்டு ஏத்தி இன்னொண்ணு எடு. இரும்பு பளிச்சுனு தெரியணும்."

"ஏத்தலாம் நைனா. ஆனா எலும்பு கருத்துப் பூடும். ஒண்ணும் தெரியாது."

"எலும்பை எவன் கேட்டான்? அது அவ பொறந்ததுலேர்ந்து அங்கதான் கீது. இரும்பைக் காட்டு."

படுத்திருந்த என் மனைவி தலையைத் தூக்கி, "தெரிஞ்ச மனுசன் வேணான்றாரு, நீ இன்னாத்துக்கு அதட்டிக்கினு கீற?" என்றாள். நான் கேட்கவில்லை. இரண்டாவது படம் வந்தது. சுற்றிலும் கன்னங்கரேல், நடுவில் கீல் வெள்ளி போல. பின்னின் விளிம்பைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. மங்கலாக வந்த படத்தை அங்கேயே குப்பையில் போடச் சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் உள்ளங்கை அரிக்கிறது.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் போனோம். டாக்டர் ஏதோ பயிற்சிக்கு மறுபடி வெளிநாடு போயிருந்தார், வர மாதங்கள் ஆகும் என்றார்கள். அவருக்குப் பதில் யார் பார்ப்பார் என்று அறை அறையாக அனுப்பினார்கள். மத்தியானம் வரை நொண்ட நொண்ட அவளை நடத்திவிட்டு, ஒருவரும் பார்க்காமல் ரயிலேறினோம். வரும் வழியில் முடிவு செய்துவிட்டேன்: தேய்மானம் பார்க்க எனக்கு எதற்கு டாக்டர்?

அதற்கப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு படம் ஒழுங்காக எடுத்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. எல்லாம் அதே கன்னங்கரேல் படம். எக்ஸ்ரேக்காரர் கேள்வி கேட்பதையே விட்டுவிட்டார். கும்மிடிப்பூண்டி ஷெட்டுக்கு யாராவது வந்தால், படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ஒரு மயிரிழை ஆட்டம் கிடையாது, பாருங்க" என்று காட்டுவேன். பார்த்தவர்களும் ஆகா ஓகோ என்றார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் என்ன தெரிந்தது?

மூன்றாம் வருஷம் அவள் சொல்ல ஆரம்பித்தாள். "உக்காந்து எழுந்தா மொத நாலு அடி கொல்லுது. அப்புறம் சரியாப் பூடுது. உள்ள இன்னாவோ நவுர்ற மாதிரி கீது."

நான் ஐந்தாவது படத்தை எடுத்துக் காட்டினேன். "இன்னாமே நவுரும்? பாரு. புதுசு மாதிரி கீது."

"நோவுறது எனக்கு. நீ படத்தப் பாத்து எங்கிட்ட சொல்றியா?"

மாதக்கணக்கில் இதே வாக்குவாதம். கடைசியில் அவள் வாசற்படியில் கால் வைக்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்று, ஐந்து படங்களையும் சுருட்டிக்கொண்டு புறப்பட்டோம். டாக்டர் திரும்பி வந்திருந்தார். முதலில் அங்கேயே புதிதாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். அப்புறம் விளக்குப் பெட்டியில் என் படங்களை ஒவ்வொன்றாகச் செருகினார்.

"இதெல்லாம் யார் எடுத்தது?"

"நம்ம ஆளுதான் சார். பின்னு எப்படித் தெரியுது பாருங்க."

"பின்னு தெரியுது. கால் எங்கே?"

நான் விரலால் காட்டப் போனேன். காட்ட ஒன்றுமில்லை. கீல் இருட்டில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆபரேஷன் முடிந்ததும் எடுத்த முதல் படத்தை ஆஸ்பத்திரி ஃபைலிலிருந்து எடுத்துப் புதுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாத எனக்கே புரிந்தது. முதல் படத்தில் எலும்பு சிமெண்ட்டோடு ஒட்டி நின்றது. புதிதில் கீழ்த்தண்டைச் சுற்றிலும், பென்சிலால் இழுத்த மாதிரி கறுப்புக் கோடு. தண்டுக்குப் பக்கத்து எலும்பு மங்கி, சல்லடை போல இருந்தது.

"இந்தக் கோடு முதல் வருஷமே விழுந்து நின்னுடுச்சா, இல்லை இந்த ஆறு மாசத்துல விழுந்து ஓடிட்டிருக்கா, அதுதான் எனக்குத் தெரியணும். நின்ன கோடுன்னா விட்டுடலாம். ஓடற கோடுன்னா இன்னிக்கே திறக்கணும். அதைச் சொல்ல வேண்டியது நடுவுல இருக்கிற இந்த அஞ்சு படம்."

ஐந்தும் ஊமையாக இருந்தன. தெரியாமல் திறக்க அவருக்கு மனசில்லை. கக்கத்துக்குத் தாங்கு கட்டை கொடுத்து, வலது காலில் பாரம் வைக்காமல் இன்னும் ஆறு மாதம் பொறுக்கச் சொன்னார். அப்போது இன்னொரு படம், அதே அறையில், அதே கரண்டில்.

திரும்பும் ரயில் வேப்பம்பட்டைத் தாண்டியது. அவள் சொன்னாள்: "அஞ்சு தபா சில்லுனு அந்தப் பலகை மேல படுக்க வச்சி, உன் இரும்பைத்தான் படம் புடிச்சிக்கினு வந்தியா?"

அந்த ஆறு மாதம் நான் பட்ட பேஜாரு கொஞ்சமல்ல. லேத்துக்குப் போனால் கை ஓடவில்லை. ஷெட்டில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். எக்ஸ்ரேக்காரரிடம் போய், "நீ ஏன்யா நான் சொன்னபடி எடுத்த?" என்று சண்டை போட்டேன். "சொன்னேனே நைனா" என்றார். அதற்கு மேல் சண்டைக்கு வழியில்லை. அவள் முட்டிக்கு இரும்புப் பட்டை ஒன்று நானே அடித்துக்கொண்டு போனேன். "உன் இரும்பு ஒண்ணு உள்ள கீறதே போதும்" என்று தள்ளிவிட்டாள்.

ஆறாவது மாதம் படம் எடுத்தபோது என்னை அறை வாசலிலேயே நிற்கச் சொன்னாள். நின்றேன். கோடு ஓடியிருந்தது. இரண்டு பங்கு அகலம், கீழ்த்தண்டின் நுனியும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. மறுபடி கீல் வைக்க எலும்பு போதாது, கீலை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் நேராகச் சேர்த்துவிடலாம், வலி போகும், கால் மடங்காது என்றார் டாக்டர். என் மனைவி என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, "சேத்துடுங்க சார்" என்றாள்.

எடுத்த கீலைக் கழுவிக் கொடுத்தார்கள். நகத்தால் தடவினேன். ஒரு கீறல் இல்லை. அதை அவளிடம் சொல்லித் தொலைத்தேன்.

"அப்போ அந்த இரும்பையே ஊட்டுக்கு இட்டுக்கினு போ. நான் பின்னால வரேன்."

வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். "முதல்லியே சரியான படம் இருந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாமா சார்?" நன்றாகத் திட்டுவார், வாங்கிக்கொண்டு போகலாம் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியாதுங்க. காப்பாத்தியிருக்கலாம். காப்பாத்த முடியாமலும் போயிருக்கலாம். அதைச் சொல்றதுக்கும் அந்தப் படம்தான் வேணும்" என்றார்.

ரயிலில் அவள் காலை நடைவழியில் நீட்டித்தான் உட்கார முடிந்தது. ஏறுகிறவர்கள் எல்லோரும் அதைத் தாண்டிப் போனார்கள். ஒருவர், "காலை மடக்கிக்கம்மா" என்றார். அவள் என்னைக் காட்டி, "இவரக் கேளுங்க" என்றாள். அவரும் என்னைப் பார்த்தார், நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று.