மேற்கு ஜன்னலில் காலை வெயில்

கட்டப்போகும் வீட்டை முன்கூட்டியே படமாக்கிக் காட்டுவது என் தொழில். இருபது வருடமாக எந்தப் படத்திலும் முதலில் வடக்கைக் குறிப்பேன். அப்போதுதான் சூரியன் தன் இடத்தில் நிற்கும். காரிமங்கலத்து நர்ஸம்மாவின் வீட்டுப் படத்தை மட்டும் அவசரத்தில் ஏஐயிடம் கொடுத்து, 'சமையலறையில் காலை வெயில் வேண்டும்' என்று எழுதினேன். அது அள்ளிக் கொட்டியது. மேடைமேல், டம்ளர்மேல், தரையெல்லாம் இளமஞ்சள் வெயில். நைட் டியூட்டி முடிந்து வந்து அந்த ஜன்னலோரம் டீ குடிக்கலாம் என்றுதான் அவர் பிளானுக்கே சம்மதித்தார்.

சுவர் எழும்பியதும் ஒரு காலையில் என்னை வரச்சொன்னார். ஜன்னலோரம் துளி வெயில் இல்லை.

"வெயில் எப்பங்க வரும்?"

நான் வாய் திறப்பதற்குள் மேஸ்திரி முந்திக்கொண்டார். "இது மேக்கால ஜன்னலுங்கம்மா. மூணு மணிக்கு மேல வரும். ஆளையே வறுத்து எடுத்துரும், அடுப்பே வேணாம்."

"கெழக்கால ஒண்ணு வெச்சுக்கலாங்களா?"

"அங்க உங்க பங்காளி வூட்டுச் செவுரு ஒட்டி நிக்குதுங்களே."

நர்ஸம்மா செல்போனில் என் படத்தைத் திறந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல மட்டும் எப்படிங்க வந்துச்சு?"

"கம்ப்யூட்டரா போட்டதுங்க."

"நீங்க பாக்கலீங்களா?"

பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். இத்தனை வருடத்தில் நான் போட்ட எந்த வெயிலும் அவ்வளவு அழகாக விழுந்ததில்லை. அந்த மயக்கத்தில் வடக்கைக் குறிக்கவே மறந்துவிட்டேன். சும்மா சுவரைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.