போல்ட் பட்டறையில் சிவந்த கைகள்

போல்ட்டில் எண்ணெய் துடைத்துப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்குப் படிப்பு தேவையில்லை என்பார்கள். படித்தவள் போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் சாட்சி. எம்.எஸ்ஸி. ரசாயனம் முதலாண்டு முடித்த கையோடு, போன கோடை விடுமுறையில் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்னப் பட்டறையில் சேர்ந்தேன். காரணம் தெரியாமல் கை அரித்து, சோற்றைப் பிசைய முடியாமல் கரண்டி தேடியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சண்டை

பேக்கிங்கில் என்னோடு சேர்த்துப் பத்துப் பெண்கள். கன்னியம்மாவுக்கு மட்டும் விரலிடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. பழவேற்காட்டுப் பக்கம் அவள் ஊர். புருஷன் படகில் விழுந்து இடுப்பொடிந்து கிடக்க, இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. மானேஜர் அவளைத் தனி பெஞ்சில் உட்கார்த்தி, இன்னொருத்திக்குப் பரவினால் சீட்டைக் கிழித்துவிடுவதாகச் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இது தொத்து வியாதியே அல்ல, உங்கள் எண்ணெய் செய்த வேலை என்று அரை மணி நேரம் வாதாடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அதே எண்ணெயிலதானேம்மா மத்த ஒம்பது பேரும் கை வைக்கிறீங்க?"

விசாரணை

சாப்பாட்டு நேரத்தில் நோட்டும் பேனாவுமாக விசாரணை தொடங்கினேன். ஒருத்தி புது வளையல் என்றாள். ஒருத்தி கத்தரிக்காய் என்றாள். இறால் உரித்தால் வரும் என்றாள் இன்னொருத்தி. "எங்க ஊட்ல எறாவக் கண்ணால பாத்தே ரெண்டு மாசமாவுது" என்றாள் கன்னியம்மா. நான் அதையும் குறித்துக்கொண்டேன். அவள் என் நோட்டை எட்டிப் பார்த்தாள். "நீ எழுதிக்கினே இரு, நான் சொறிஞ்சிக்கினே கீறேன்."

தொட்டி

மரத்தூளில் கையைத் தேய்த்து அலம்புவதுதான் அங்கே வழக்கம். எண்ணெய் பொட்டில்லாமல் போகவேண்டும் என்று சொல்லி, ஒரு தொட்டித் தண்ணீரில் சலவை சோடாவைத் தாராளமாகக் கரைத்து வாசலில் வைத்தேன். தினம் இரண்டு வேளை. முன்மாதிரியாக முதலில் என் கை.

எளாவூர் சரசு மட்டும் மாட்டேன் என்றாள். மரத்தூள், பிறகு ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய், அவ்வளவுதான் அவளுக்கு. காரம் கொழுப்பை எப்படிக் கரைக்கிறது என்று அவளுக்குப் பாடமே நடத்தினேன். முழுதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அது எண்ணெ சட்டி கழுவறதுக்கு அக்கா. கைக்கு இன்னாத்துக்கு?"

பரவியது

இரண்டாவது வாரம் மூன்று பேருக்குத் தடித்தது. அப்புறம் ஐந்து. அப்புறம் நான் உட்பட எட்டு. கன்னியம்மாவுக்கோ விரல் வெடித்தே விட்டது. தொத்திக்கொண்டது பார் என்று மானேஜர், சனிக்கிழமையோடு அவளை நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்.

எண்ணெய்க்கு எதிராக இப்போது ஒன்பது சாட்சி என்று நான் ஆபீசுக்குக் கிளம்பினேன். சரசு வழியை மறித்துத் தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். வழுவழுவென்று இருந்தன.

"தொட்டில கை வெச்சவங்க அத்தினி பேரும் சொறியறீங்க. நான் வெக்கல. நீதான் படிச்சவளாச்சே, இன்னான்னு நீயே சொல்லு."

கடைசி வாதம்

வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும், கன்னியம்மாவின் வேலை போயிருக்கும். மானேஜர் மேஜையில் என் கைகளை வைத்தேன். தொத்தியது வியாதி அல்ல, என் புத்திசாலித்தனம் என்று, தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே உரித்துவிடும் சோடாவின் குணத்தோடு விளக்கினேன். அந்த மனிதர் முதல்முறையாக நான் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டார்; அதுதான் அதிகமாக எரிந்தது.

தொட்டி கவிழ்ந்தது. பத்து நாளில் எட்டுப் பேர் கையும் ஆறியது. கன்னியம்மாவுக்கு வெடிப்பு மூடியதே தவிர, பழைய தடிப்பு போகவில்லை. அது எதனால் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் பரவும் என்று சொல்ல இனி ஆளில்லை, அவளும் எங்கள் பெஞ்சுக்கே வந்துவிட்டாள். நான் மறுபடி நோட்டை எடுத்ததும் அதை மூடி என் மடியில் வைத்தாள். "இது இன்னாத்தால வந்துச்சின்னு இனிமே நீ கண்டுபுடிக்காத தாயி, நான் வேலைக்கு வரணும்."

இதுவரை நான் வாதாடி முழுதாக ஜெயித்தது அந்த ஒரு வழக்குதான், அதில் எதிராளியும் நானே.