கெங்கம்மா வீட்டு லைன்

ரெஜினாவுக்கும் நாற்காலிக்கும் ஆகவே ஆகாது. எங்கள் ஆபீசில் அவளுக்கென்று ஒன்று போட்டிருக்கிறது; அதில் என் ஹெல்மெட்தான் உட்கார்ந்திருக்கும். அவள் நின்றபடியே வேலை பார்ப்பாள். நகத்தைக் கடிப்பாள், வாசல் வரை போவாள், திரும்பி வந்து திரையை முறைப்பாள். பக்கத்தில் இருக்கிறவனுக்குப் பைத்தியம் பிடிக்கும். அந்தப் பாவப்பட்ட ஜென்மம் நான்தான், டில்லிபாபு. வீடு வீடாக மாடியேறி இன்டர்நெட் டிஷ் மாட்டுகிறவன்.

திருவொற்றியூரில் ஒரு ஐஸ் கம்பெனியின் மொட்டைமாடியில் எங்கள் டவர். அங்கிருந்து எண்ணூர் வரை ஒயர் இல்லாமல் காற்றிலேயே இன்டர்நெட் போகிறது. டவரில் இருப்பது ஓர் அளவுதான். தண்ணி லாரி வந்தால் ஒருத்தி நின்று குடம் குடமாகப் பார்த்து விடுவாள் இல்லையா, அதுதான் ரெஜினாவின் வேலை. திரையில் வீட்டுக்கு ஒரு கோடு ஓடும். அதிகம் இழுத்தால் கோடு ஏறும். இவள் லிமிட் போட்டு இறக்குவாள். ராயபுரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதுகூட போனில் அந்தக் கோடுகளைத்தான் பார்த்துக்கொண்டு வருவாள்.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் எங்களுக்குப் பெரிய பேஜாரு. படகெல்லாம் கரையில், ஆம்பளைகள் எல்லாம் வீட்டில், கையில் போன். எண்ணூர்க் குப்பத்தில் ஒரே ஒரு வீடு டவரையே உறிஞ்சிக்கொண்டிருந்தது. மீன் விற்கும் கெங்கம்மாவின் வீடு. "ஒரு வூடு இவ்ளோ இழுக்குமா? கொழுப்பைப் பாரேன்!" என்று ரெஜினா அந்த லைனுக்கு லிமிட் போட்டுவிட்டாள். ஏன் இவ்வளவு இழுக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் காலிக் கூடையோடு கெங்கம்மாவே ஆபீசுக்கு வந்துவிட்டாள்.

"இன்னாம்மே, என் லைனை இன்னா பண்ணி வெச்சுகீறே? மூணு மணிக்கு எம் பொண்ணு சௌமியாவுக்கு வீடியோல இன்டர்வியூ கீது. துபாய்ல நர்சு வேலை. காலீல பாத்தா மூஞ்சி அப்டியே ஒறைஞ்சி நிக்குது. நேத்தும் இதே மாறி ஆயி தள்ளி வெச்சாங்க. இன்னிக்கி வுட்டா அவ்ளோதான்னு சொல்ட்டாங்க!"

ரெஜினாவின் முகம் செத்துவிட்டது. உடனே லிமிட்டை எடுத்தாள். சௌமியாவுக்கு வீடியோ போட்டுப் பார்த்தாள். "அக்கா, சூப்பரா தெரியறீங்க!" என்று பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு படம் நின்றுவிட்டது. திரையில் கெங்கம்மா வீட்டுக் கோடு உச்சிக்கு ஏறியிருந்தது.

"உங்க வூட்ல எத்தினி பேருக்கா?"

"நானும் அவளும்தான்."

"அப்போ யாரு இழுக்கறாங்க?"

இது ஒரு கேள்வியா என்பது போல கெங்கம்மா பார்த்தாள். "தெருவே நம்ம லைன்லதான் கீது. வேகம் வந்தா தெரியாதா அவனுங்களுக்கு? ஆளுக்கொரு படம் போட்டுக்கினு குந்திக்குவானுங்க."

"பாஸ்வேர்டை மாத்திடலாம்க்கா. ஒரு நிமிசம்தான்."

"ஏய்! ஒரு வூட்டு அரிசி நாலு வூட்ல வேவுற நேரம் இது. அவங்களை அறுத்து வுட்டுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிகினு அந்தத் தெருவுல நடப்பேன்?"

"அப்போ நீயே போயி சொல்லுக்கா. இன்டர்வியூ முடியறவரைக்கும் ஒருத்தரும் போனைத் தொடக் கூடாது."

கெங்கம்மா கூடையைக்கூட எடுக்காமல் ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாள்.

மணி மூன்றை நெருங்கியது. கோடு இறங்கவில்லை. ரெஜினா வாசலுக்கும் திரைக்கும் நடந்து தேய்ந்தாள். "கேக்க மாட்டானுங்க பாபு. நான்தான் கெடுத்தேன், அந்தப் பொண்ணு வாழ்க்கைய." எனக்கு எரிச்சலும் பயமும் சேர்ந்து வந்தது. "தாயே, உக்காந்து தொலையேன்!" என்று கத்தினேன்.

அப்போது கோடு விழுந்தது. மெல்ல இறங்கவில்லை, தொப்பென்று விழுந்தது. தடைக்காலத்தில், பட்டப்பகலில், ஒரு தெருவே போனைக் கீழே வைத்துவிட்டது! அடியில் மெல்லிசாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது சௌமியா.

நடுவில் ஒருமுறை துள்ளியது. "எவன்டா அவன்!" என்று ரெஜினா திரையைப் பார்த்துக் கூவினாள். உடனே அடங்கியது. யாருக்கோ முதுகில் ஒன்று விழுந்திருக்கும்.

பிறகு அந்த மெல்லிய கோடும் நின்றது. முடிந்ததா, அறுந்ததா? ரெஜினா போன் போட்டாள், யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். கட்டைவிரல் நகத்தில் ரத்தம் வந்துவிட்டது.

கெங்கம்மாவே கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல். அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.

"கெடைச்சிடுச்சி கண்ணு! எம் பொண்ணுக்கு வேலை கெடைச்சிடுச்சி! தோ பாரு, லைனை அமுக்கிடாதே. அல்லாருக்கும் வீடியோ போட்டு சொல்லணும்!"

கோடு பழையபடி உச்சிக்குப் பாய்ந்தது. டவர் திணறியது, ஆபீஸ் போன்கள் ஸ்லோ, ஸ்லோ என்று அலறின. ரெஜினா எதையும் எடுக்கவில்லை. லிமிட்டையும் தொடவில்லை. என் ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.