அப்பா விட்ட வரி

பேத்தி என் காதில் இயர்போனை மாட்டி, ஓர் இங்கிலாந்து ராக் குழு மேடையில் வாசித்த ஆல்பத்தைப் போட்டுவிட்டாள். நடுவில் பாடகர் இருமி நிறுத்த, கூட்டமே அந்த வரியைப் பாடி முடித்தது. இருமலை வெட்டாமல் விட்டிருந்தது எனக்குப் பிடித்தது.

என் சிறுவயதில், சங்கரன்கோவிலில் ஒரு மார்கழி விடியலில், தெருப் பஜனையில் முன்னே பாடிப்போன அப்பாவுக்குத் தொண்டை அடைத்தது. பின்பாட்டுக்காரனான நான்தான் வரியைப் பிடித்திருக்க வேண்டும். எதிரே என் பள்ளிக்கூடப் பையன்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். வாயை மூடிக்கொண்டேன். ஜால்ரா மட்டும் ஒலித்தது.

"நீயாவது எடுத்திருக்கலாம்லா, மக்கா," என்றார் வீட்டு வாசலில். அதன்பின் அவர் வீட்டில்கூடப் பாடவில்லை.

"எப்படி இருக்கு தாத்தா?"

"நல்லாருக்கு. அந்த இருமுத இடத்த இன்னொருக்கா போடு."

கூட்டம் பாடியபோது, அப்பா விட்ட வரியை நானும் எடுத்தேன். பாதிக்கு மேல் மறந்திருந்தது.